முதுமக்கள் தாழியும் முடியுடை மன்னரும்

கொரிய நாட்டின் பண்டை அரசியருள் ஒருத்தி தமிழ்ப் பெண் என்னும் கூற்று, அண்மைக் காலமாகத் தமிழ்மொழிக் கழக மேடைகளில் அடிக்கடி ஒலிக்கின்றது. ‘அம்மா’, ‘அப்பா’ போன்ற சொற்கள் அங்கும் வழங்குதல் ஒரு சான்றாகக் காட்டப்படும். கொரியாவின் கற்திட்டைகள் தமிழகத்துக் கற்திட்டைகளை ஒத்திருத்தல் மற்றொரு சான்றாகக் காட்டப்படும். கேட்கும் மாணவர் பெருமிதம் கொள்கின்றனர். ஆசிரியர்க்கோ அச்சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் கடமை உண்டு. சொல்லொப்புமையை மொழியியலார்க்கு விடுவோம். 1905ஆம் ஆண்டிலேயே ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் எழுதினார். இன்றைய மொழியியலார் பெரும்பாலும் அவ்வுறவை ஏற்பதில்லை. ஈண்டு நாம் ஆராயப் புகுவது இரண்டாவது சான்றை. இறந்தாரை அடக்கிய முறையைக் கொண்டு ஓர் இனம் எங்கிருந்து வந்தது எனக் கூற இயலுமா? அவ்வினத்தில் அரசு எவ்வாறு தோன்றியது எனக் கூற இயலுமா? இவ்விரு வினாக்களும் ஒன்று போலத் தோன்றினும் வேறு வேறானவை. முன்னதற்குப் புதைகுழி தயங்கித் தயங்கியே விடை கூறும். பின்னதற்கு ஓரளவு தெளிவாகவே கூறும்.

பினாங்கில் வாழும் நமக்கு ஓர் எடுத்துக்காட்டு அருகிலேயே உள்ளது. ஜெலுத்தோங்கை அடுத்துத் தொடங்கும் பாலத்தைக் கடந்து, செபராங் பிறையின் வட எல்லை நோக்கிச் சென்றால், மூடா ஆற்றுக்கு அண்மையில் குவார் கெப்பா என்னும் சிற்றூரை அடையலாம். கெப்பா என்பது ஒருவகைச் சிப்பிக்கு மலாய்ப் பெயர். பழங்கால மக்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் அங்கே மேடுகளாகக் குவிந்திருந்தன. அம்மேடுகளுக்குள்ளேயே அவர்கள் தம் இறந்தாரையும் புதைத்தனர். 1860ஆம் ஆண்டில் ஏர்ல் என்னும் ஆங்கிலேய அதிகாரி அவற்றை ஆராய்ந்த காலத்திலேயே, சுண்ணாம்புக்காக அவ்வோடுகள் வாரிச் செல்லப்பட்டு வந்தன. 1934இல் காலன்ஃபெல்ஸ் என்னும் டச்சு அறிஞர் அகழ்ந்தார். அங்குக் கிடைத்த எலும்புகள் ஹாலந்து நாட்டு லைடன் நகரை அடைந்தன. 2017இல் அவ்விடத்தில் கட்டடப் பணி நடந்தபோது ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பெண்ணின் எலும்புக்கூடு மட்கலங்களுடன் வெளிப்பட்டது. அவள் பேசிய மொழி யாது? இன்று இத்தீவில் வாழும் எவருக்கு அவள் மூதாட்டி? எலும்பும் சிப்பியும் இவற்றுக்கு விடை தருவதில்லை. ஆனால் அவளைக் கருத்தோடு அடக்கம் செய்த ஒரு சமூகம் அங்கு நிலைத்து வாழ்ந்தது என்பதை அவை ஐயமற உரைக்கின்றன. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு கொரியாவுக்குச் செல்வோம்.

உலகிலேயே கற்திட்டைகள் மிகுந்த நாடுகளுள் கொரியா தலையாயது. கோச்சாங், ஹ்வாசுன், கங்ஹ்வா ஆகிய மூவிடத்துத் திட்டைகள் 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. இரு பக்கமும் கற்பலகைகளை நிறுத்தி மேலே பெரும் பாறை ஒன்றை ஏற்றி வைத்திருக்கும் அத்தோற்றம், கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தைக் கண்டவர்க்குப் பழகிய தோற்றமாகவே இருக்கும். ஆயினும் அதே தோற்றம் அயர்லாந்திலும் உண்டு, பிரான்சிலும் உண்டு, காக்கசு மலைகளிலும் உண்டு. பலகைக் கற்களை நிறுத்தி மூடுகல் இடுவது, கல் மிகுந்த நாட்டில் வாழும் எவர்க்கும் தோன்றக்கூடிய வழியே. மேலும் அயர்லாந்துத் திட்டைகள் கொரியத் திட்டைகளுக்கு ஈராயிரம் ஆண்டுகளேனும் முந்தியவை. உருவம் ஒன்றானமையால் உறவும் ஒன்றாதல் வேண்டும் எனின், ஐரிசு மக்களையும் நாம் உறவினராகக் கொள்ள வேண்டிவரும்.

அவ்வாறாயின் புதைமேட்டைக் கொண்டு இடப்பெயர்ச்சியை அறியவே முடியாதா? முடியும் என்பதற்கும் கொரியாவே சான்று தருகின்றது. வடக்கே கோகுர்யோ, தென்மேற்கே பெக்ஜே, தென்கிழக்கே சில்லா என மூன்று அரசுகள் அங்கே எழுந்தன. பெக்ஜே அரசை நிறுவியவன் கோகுர்யோ மன்னனின் மகன் ஒஞ்சோ என்றும், கி.மு. 18இல் அவன் தெற்கே வந்து நாடு அமைத்தான் என்றும் கி.பி. 1145இல் தொகுக்கப்பட்ட சம்குக் சாகி என்னும் வரலாற்று நூல் கூறும். கோகுர்யோ மன்னர்க்குரிய அடக்கங்கள் கற்களைப் படிப்படியாக அடுக்கிக் கட்டியவை. இன்று சீன எல்லைக்குட்பட்ட ஜீஆன் நகரில் அவற்றைக் காணலாம். அதே வகைக் கல்லடுக்கு அடக்கங்கள் பெக்ஜேயின் பழந்தலைநகர் இருந்த சியோலிலும் உள்ளன. அப்பகுதியின் பெயரே சொக்சோன், அதாவது கல்லூர். அவற்றுள் பெரியது பக்கத்துக்கு ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுடையது. ஆக, ஏடும் மேடும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஆனால் அப்பெரிய கல்லடுக்கு கி.பி. 4ஆம் நூற்றாண்டினது, கதை கூறும் காலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. வடக்கிலிருந்து ஒரு பெருங்கூட்டமே பெயர்ந்து வந்தது என்பதைக் காட்டிலும், தம்மை வடபுல அரசமரபினராகக் காட்டிக்கொண்ட ஓர் ஆளுங்குடி அங்கே தலையெடுத்தது என்பதே அச்சான்றுக்குப் பொருந்தும். பொதுமக்களின் புதைகுழிகள் அவ்வூரில் வேறு வகையாகவே இருந்தன என்பதையும் நோக்குக.

அரசு வளர்ந்த வரலாறோ இதனினும் தெளிவானது. சில்லாவின் தலைநகராகிய கியோங்ஜுவில் குன்றுகள் போன்ற புல்மேடுகள் நகர் நடுவே நிற்கின்றன. 1973 முதல் 1975 வரை அகழப்பட்ட ஹ்வாங்நாம் பெருமேடு 120 மீட்டர் நீளமும் 20 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட இரட்டை மேடு. அதன் வடபகுதியில், அரசிக்குரியது எனக் கருதப்படும் அடக்கத்தில், பொன்முடி கிடைத்தது. ஓர் உடலைப் புதைக்க ஒரு குன்றையே எழுப்பும் ஆள்வலிமை ஒருவன் கையில் சேர்ந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? கி.பி. 6ஆம் நூற்றாண்டில் சட்டமும் பௌத்தமும் அங்கு நிலைபெற்ற பின் மேடுகள் சிறுத்துவிட்டன. ஆட்சி ஐயத்துக்கு இடமின்றி நிலைத்த பிறகு, அதனைக் குன்றெழுப்பிக் காட்ட வேண்டிய தேவை குறைந்தது போலும்.

தமிழ்ப் பெண் எனச் சொல்லப்படும் அரசி இம்மூன்று அரசுகளையும் சேர்ந்தவள் அல்லள். அவற்றுக்கிடையே தென்கடற்கரையில் இருந்த காயாவின் அரசி. ஹோ ஹுவாங்-ஓக் என்பது அவள் பெயர். அயுதா என்னும் நாட்டிலிருந்து கி.பி. 48இல் மரக்கலம் ஏறி வந்து சூரோ மன்னனை மணந்தாள் என்பது சம்குக் யூசா என்னும் நூலின் செய்தி. அயுதாவை அயோத்தி என்பாரும் உளர். பொதியமலை ஆய் குடியோடு இணைப்பாரும் உளர். அந்நூலோ 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. நிகழ்ச்சிக்கும் ஏட்டுக்கும் இடையே 1200 ஆண்டுகள். காயாவின் ஈமமேடுகள் 2023இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் வடபுல நாடோடி மக்களுக்குரிய வெண்கலக் கொப்பரை போன்ற பொருள்கள் கிடைத்ததைக் கொண்டு, அங்குள்ள அறிஞர் இடப்பெயர்ச்சியா வாணிகமா என வாதிடுகின்றனர். தமிழகத்துத் தாழி எதுவும் அங்கு அவ்வாதத்துக்கு இடந்தரவில்லை. கதையைக் கதையாகப் போற்றுவதில் தவறில்லை. வரலாறாகக் கற்பிப்பதற்கு அது போதாது.

இனி நம் சொந்த நிலத்துக்கு வருவோம். பிறர் கதையை நிறுத்த அதே துலாக்கோலில் நம் கதையையும் நிறுத்தல் வேண்டுமன்றோ?

பொருநை ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் உள்ளது. 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் அங்கே முதலில் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ விரிவாக அகழ்ந்தார். 114 ஏக்கர் பரப்பில் தாழிகள் செறிந்து கிடந்தன. இரும்பு வாள், வேல், ஈட்டி, வெண்கல விலங்குருவங்கள், நெற்றியிற் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள் ஆகியன கிடைத்தன. அக்காலத்து ஆய்வாளர்க்குப் பொருள்களைக் காட்டிலும் மண்டையோடுகளே பேரார்வம் ஊட்டின. 1930இல் சக்கர்மன் என்னும் உடற்கூற்று அறிஞர் அங்குக் கிடைத்த மண்டையோடுகளை அளந்து, இனம் வகுத்து எழுதினார். ஓரிரு மண்டையோட்டின் நீள அகலங்களைக் கொண்டு ஒரு நாட்டின் மக்களையே வகைப்படுத்தும் அம்முறையை இன்றைய மானிடவியல் கைவிட்டுவிட்டது. நம் பழைய பாடநூல்கள் சிலவற்றில் அது நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பது வேறு.

மண்டையோட்டை அடுத்து இரும்பு வந்தது. 1947இல் வீலர் கருநாடகத்துப் பிரமகிரியை அகழ்ந்து, பெருங்கற்சின்னங்கள் கி.மு. 200ஐ ஒட்டித் தொடங்கியவை என்றார். பின்னர் ஃபியூரர்-ஹைமென்டார்ஃப், திராவிட மொழி பேசுவோர் கி.மு. 500ஐ ஒட்டி இரும்பும் பெருங்கல்லும் கொண்டு மேற்கிலிருந்து கடல்வழியே வந்தேறியவர் எனக் கருதினார். ஒரு புதைமுறை, ஓர் உலோகம், ஒரு மொழி ஆகிய மூன்றையும் ஒரே கப்பலில் ஏற்றிக் கரைசேர்த்த கருத்து அது. கரிமக் காலக்கணிப்பு பெருகப் பெருக அக்கப்பல் மூழ்கத் தொடங்கிற்று. மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 எனத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. சிவகளையில் ஒரு தாழியினுள் இருந்த நெல் உமி கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டது. 2025 சனவரியில் அதே சிவகளையின் இரும்பு கி.மு. 3345 வரை செல்லும் என அறிவிக்கப்பட்டது. இக்கடைசி ஆண்டை உலக அறிஞர் பலமுறை சோதித்தே ஏற்பர், அதுவே முறை. ஆனால் கி.மு. 500இல் இரும்பு கொண்டு வந்திறங்கிய கூட்டம் என்னும் கருத்தைக் கைவிட, அக்கடைசி ஆண்டு வரை போக வேண்டியதே இல்லை.

புதைமுறையை இனத்தின் அடையாளமாகக் கொள்வது பொருந்தாது என்பதை அகழாய்வாளர்க்கு முன்னரே நமக்கு உணர்த்தியவர் சாத்தனார். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் புகார் நகரத்துச் சுடுகாடு விரித்துரைக்கப்படுகின்றது. உடலைச் சுடுவோர் ஒருபால். வெறுவெளியில் இட்டுச் செல்வோர் ஒருபால். குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்போர், தாழியாற் கவிப்போர் எனப் பிறரும் அங்கே உளர். ஒரே நகர், ஒரே ஈமக்களம், ஐந்து முறைகள்! ஈராயிரம் ஆண்டுக்குப் பின் அக்களத்தை அகழும் ஒருவர், ஐந்து முறைகளைக் கண்டு ஐந்து இனங்கள் அடுத்தடுத்து வந்தேறின என எழுதுவாராயின் எவ்வளவு பிழைபடுவார்! வகுப்பில் அக்காதையைக் கற்பிக்கையில் சொற்பொருள் கூறி நகர்ந்துவிடாமல், இவ்வொரு செய்தியில் சற்றே நிற்றல் நன்று.

புறநானூறு வேறொன்றையும் உணர்த்துகின்றது. 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், இறந்துபட்ட சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி வனைய வேண்டிய குயவனை நோக்கி இரங்குகின்றார். இத்துணைப் பெரும்புகழ் உடையானைக் கவிக்கும் தாழியை எவ்வாறு வனைவாய் என்பது அவர் வினா. 256ஆம் பாட்டில் பெயரறியாப் புலவர் ஒருவரின் வாய்மொழியாக, கணவனை இழந்த ஒருத்தி தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி கேட்கின்றாள். முடியுடை வேந்தனுக்கும் தாழி. வழிநடையில் துணையிழந்த பெண் கேட்பதும் தாழி. கியோங்ஜுவில் மன்னன் பெருக மேடும் பெருகிற்று. தமிழகத்தில் மன்னன் பெருகினான், தாழி பெருகவில்லை. ஆகவேதான் புலவர்க்கு அவ்வினா எழுந்தது. சேர சோழ பாண்டியர்க்குரிய குன்றன்ன மேட்டைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை.

அவ்வாறாயின் அரசின் தோற்றத்தை இங்கே எதனால் அறிவது? மேட்டின் அளவால் அன்று. உள்ளிருக்கும் பொருளின் ஏற்றத்தாழ்வால் அறியலாம். ஆதிச்சநல்லூரில் எல்லாத் தாழிகளிலும் பொற்பட்டம் இல்லை. மிகச் சிலவற்றிலேயே இருந்தது. நொய்யல் கரையில், கரூரிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த கொடுமணல் இன்னும் விளக்கமானது. பதிற்றுப்பத்து அணிகலனுக்காகப் போற்றும் கொடுமணம் அதுவே என்பர். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய அகழாய்வுகளில், அங்குள்ள ஒரு கற்பதுக்கையில் மட்டும் 2000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. மணிகள் பதித்த வெண்கலப் புலி ஒன்றும் கிடைத்தது. அண்டையிலேயே சில கலங்களும் ஒரு கத்தியும் மட்டும் உடைய எளிய குழிகளும் உண்டு. ஒருவனுக்கு மணிகள் ஆயிரக்கணக்கில். மற்றொருவனுக்கு ஒரு கலம். இவ்வேற்றத்தாழ்வே தலைமை முளைத்த நிலம். அங்கு வாழ்விடத்தில் கிடைத்த நூற்றுக்கணக்கான பானையோடுகளில் தமிழ் எழுத்தில் மக்கட்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ‘ஆதன்’ என்னும் பெயர் அவற்றுள் ஒன்று. சேரலாதன் என்னும் வேந்தர் பெயரில் இருப்பதும் அதுவே. கொடுமணலில் செல்வம் முடியிலிருந்து பிறக்கவில்லை. பட்டறையிலிருந்தும் பெருவழியிலிருந்தும் பிறந்தது. வேந்தர் அதனைப் பின்னரே தம் ஆளுகைக்குள் கொணர்ந்தனர் என்பது என் துணிபு.

கிழார், வேளிர், வேந்தர் எனச் சங்க நூல்கள் காட்டும் படிநிலைகளை இப்பின்னணியில் வைத்துப் படித்தால் அவை உயிர்பெறும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகனின் 2ஆம், 13ஆம் பாறைச் சாசனங்கள் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. சேரரும் சத்தியபுத்திரரும் அவ்வரிசையில் உளர். சத்தியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாள் ஐயத்தை, 1981இல் சம்பையில் கண்டெடுக்கப்பட்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் கல்வெட்டு தீர்த்து வைத்தது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் வெளிப்பட்டன. ஆகோள் பூசலில் பட்டவனுக்கு நட்ட கல் அவற்றுள் ஒன்று. பெயரற்ற தாழியிலிருந்து பெயருடைய கல்லுக்கு வந்துவிட்டோம்.

பெயரும் புதைகுழியும் ஓரிடத்திலேயே கூடிய அரிய சான்று ஒன்று உண்டு. அது கடலுக்கு அப்பால், ஈழத்தில் உள்ளது.

பொருநை கடலோடு கலக்கும் இடத்துக்கு எதிர்க்கரையில், புத்தளத்துக்கு வடக்கே, பொம்பரிப்பு என்னும் இடத்தில் தாழிக்காடு ஒன்று உள்ளது. 1950களிலும் 1970இலும் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகள், ஆதிச்சநல்லூரை நினைவூட்டும் தாழிகளையும் கறுப்பு சிவப்பு மட்கலங்களையும் வெளிப்படுத்தின. பொருநையின் மறுபெயர் தாமிரபரணி. ஈழத்தின் பழம்பெயர்களுள் ஒன்று தம்பபண்ணி. இவ்வளவும் கண்டபின், தமிழர் இங்கிருந்து கடல் கடந்து குடியேறினர் என எழுதிவிட எவர் கையும் துடிக்கும். எதிர்த்தரப்பினரோ விசயன் கதையைக் காட்டி, வடநாட்டிலிருந்து வந்த கூட்டமே முதற்குடி என்பர். இரு தரப்பாரும் புதைகுழியைச் சான்றுக் கூண்டில் ஏற்றித் தத்தம் வழக்குக்கு இழுத்தனர். அவ்வழக்கு ஏட்டோடு நில்லாமல் எத்துணைக் குருதி சிந்தியது என்பதை நாம் அறிவோம். ஆனால் தீவின் நடுவே தம்புள்ளைக்கு அருகில் உள்ள இப்பன்கட்டுவையிலும் அதே பெருங்கற்பண்பாட்டுக் கற்பதுக்கைகள் உள்ளன. இன்று சிங்களம் பேசும் நிலம் அது. பொம்பரிப்பைத் தமிழர்க்கு எழுதினால் இப்பன்கட்டுவையை யாருக்கு எழுதுவது?

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தனர். அங்கு வெளிப்பட்ட எலும்புக்கூடு ஒன்றின் தலைமாட்டில் வைக்கப்பட்ட பொருள்களிடையே சிறு முத்திரை ஒன்று கிடைத்தது. அதன் கீழ்வரிசையில் பிராமி எழுத்துகள். அவற்றைக் ‘கோவேத’ எனப் படித்தனர். ‘கோ’ என்பது தலைவனைக் குறிக்கும் நம் சொல்லே. ஆதிச்சநல்லூர்ப் பொற்பட்டம் பெயர் கூறவில்லை. கொடுமணல் மணிக்குவியல் பட்டம் கூறவில்லை. இங்கே, பேரரசனும் அல்லாத, வெறுங்குடிமகனும் அல்லாத ஒரு தலைவன், தன் பெயரோடும் பட்டத்தோடும் குழியில் கிடந்தான். அரசு என்பது முளைவிடும் பருவத்தில் எவ்வாறு இருக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த காட்சி நமக்குக் கிட்டியதில்லை.

அக்குழியை அகழ்வித்த அறிஞரின் கருத்தும் காலப்போக்கில் மாறியது. 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில், ஈழத்துத் தமிழ்க் குடியிருப்புகளைப் பெரும்பாலும் பிற்கால வருகையின் விளைவாகவே இந்திரபாலா கண்டார். நாற்பது ஆண்டு கழித்து, 2005இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலிலும் அதனை அடுத்த தமிழ் நூலிலும், அக்கருத்தை வெளிப்படையாகவே திருத்தி எழுதினார். இரும்புக் காலத்தில் தீவெங்கும் பரவியிருந்த ஒத்த பண்பாட்டுச் சூழலிலிருந்தே, மொழிமாற்றத்தின் வழியாகச் சிங்களவரும் தமிழரும் இரு இனக்குழுக்களாக உருப்பெற்றனர் என்பது அவர் பின்னர்க் கொண்ட முடிபு. பாக்கு நீரிணை மக்களைப் பிரித்த அகழியன்று. இரு கரையாரும் நாளும் கடந்த வாய்க்கால். தாழி செய்யும் வழக்கம் அவ்வழியே சென்றது. மணியும் இரும்பும் சென்றன. பெண் கொண்டும் கொடுத்தும் உறவு சென்றது. ஒரு நாள் ஒரு கூட்டம் புறப்பட்டு வந்திறங்கியதாகக் காட்டும் காட்சியை அங்குள்ள எந்தக் குழியும் நமக்குத் தரவில்லை. தனக்குப் பிடித்த முடிபைச் சான்றின்முன் விட்டுக்கொடுத்த அவரை, ஆய்வு செய்யப் புகும் மாணவர்க்கு நான் தவறாமல் எடுத்துக்காட்டுவதுண்டு.

ஆனைக்கோட்டை முத்திரையில் பிராமி எழுத்துகளுக்கு மேலே இன்னொரு வரிசையும் உண்டு. மூன்று குறியீடுகள், தமிழகத்துப் பெருங்கற்காலப் பானைகளில் காணப்படும் குறியீடுகளின் சாயல் உடையவை. கீழ்வரிசை எழுத்தறிந்தார்க்காகவும் மேல்வரிசை குறியறிந்தார்க்காகவும் பொறிக்கப்பட்டதோ, இரண்டும் ஒரே பெயரைச் சொல்லுகின்றனவோ என அறிஞர் வினவுவர். மேல்வரிசையை இன்றளவும் எவரும் ஐயமறப் படித்தாரிலர்.